இணையம் எட்டாத இடத்தில் ஒரு தேடுபொறி

"நெட் இல்லை" என்னும் இரண்டு சொற்களைக் கேளாதவர் நம் வட்டாரத்தில் இரார். கச்சிராயபாளையத்தைத் தாண்டி மலைப்பாதை ஏறத் தொடங்கியதும் கைப்பேசியின் கோடுகள் ஒன்றொன்றாகக் குறைகின்றன. வெள்ளிமலைக்கு அப்பாலுள்ள பல சிற்றூர்களில் அவை அறவே மறைந்துவிடுகின்றன. கள்ளக்குறிச்சி 2019-ஆம் ஆண்டில் தனி மாவட்டமாயிற்று. கல்வராயன்மலையும் தனி வட்டமாயிற்று. ஆயினும் ஒரு சிறு விவரத்தைத் தெரிந்துகொள்ள மலைமக்கள் கீழே இறங்கி வருவது இன்னும் நின்றபாடில்லை. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். என் சாதிச் சான்றிதழ் எண்ணைத் தேடி வாங்க என் தகப்பனார் மூன்று முறை மலையிறங்கினார். மூன்று நாள் கூலி போயிற்று. மூன்று முறையும் மேசைமேல் கணிப்பொறி இருந்தது, மின்சாரம் இருந்தது, இயக்குபவரும் இருந்தார். நெட் மட்டும் இல்லை.

சான்றிதழ்ப் பதிவேடு எங்கோ தொலைவில் ஒரே இடத்தில் இருப்பதால் அதற்கு இணையம் வேண்டும் என்பது நியாயமே. அதைக் குறை கூறுவது என் நோக்கமன்று. ஆனால் தேடுதல் என்னும் செயலுக்கே இணையம் வேண்டும் என்று நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோமே, அது சரிதானா? நம் அறையிலுள்ள ஆயிரம் தாள்களில் ஒன்றைத் தேட, உலகத்தின் மறுகோடிக்கு ஆள் அனுப்புவானேன்? இக்கேள்விக்கு விடை காண, எங்கள் துறை ஆய்வகத்தில் சென்ற பருவத்தில் ஒரு முயற்சி செய்தோம். எலாஸ்டிக்சர்ச், லாக்ஸ்டாஷ், கிபானா என்னும் மூன்று மென்பொருள்களைக் கொண்ட தேடல் தொகுப்பினை, இணையமே இல்லாத ஒரு கணிப்பொறியில் நிறுவினோம். அதன் வழிமுறையையும், அதில் நாங்கள் கண்ட இயல்புகளையும் மாணவத் தோழர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரை.

இருவகை இன்மை

இணையம் இல்லாத இடங்கள் இருவகைப்படும். வேண்டியும் கிடைக்காத இடம் ஒன்று. கிடைத்தும் வேண்டாமென்று விலக்கிய இடம் மற்றொன்று. முதல் வகைக்குக் கல்வராயன்மலை சான்று. இரண்டாம் வகைக்கும் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு.

கூடங்குளம் அணுமின் நிலையக் கணிப்பொறிக்குள் தீநிரல் புகுந்துவிட்டதாக 2019 அக்டோபரில் செய்தி பரவியது. முதலில் மறுப்பு வந்தது. மறுநாள், அக்டோபர் 30 அன்று, இந்திய அணுமின் கழகம் தன் அமைப்பில் தீநிரல் காணப்பட்டது உண்மையே என்று அறிவித்தது. மைய அரசின் செர்ட்-இன் அமைப்பு செப்டம்பர் 4 அன்றே இதனைத் தெரிவித்ததாகவும், தீநிரல் தொற்றியது நிர்வாக வேலைக்காக இணையத்தோடு பிணைக்கப்பட்டிருந்த ஒரு கணிப்பொறியையே என்றும், முக்கியமான உள்வலை அதனின்றும் பிரித்து வைக்கப்பட்டுள்ளது என்றும் கழகம் விளக்கியது. அதாவது, அணு உலையை ஆளும் கணிப்பொறிகளுக்கும் வெளியுலகுக்கும் இடையே கம்பியே கிடையாது. அந்த இடைவெளிதான் அங்கே காவல்.

இத்தகைய காவல் மிகுந்த இடங்களுக்குத்தான் தேடல் தொகுப்பு மிகவும் தேவைப்படுகிறது. ஒவ்வொரு கணிப்பொறியும் யார் உள்ளே வந்தார், எப்போது வந்தார், எதைத் திறந்தார் என்று நொடிதோறும் குறிப்பு எழுதிக்கொண்டே இருக்கும். ஒரு நாளில் சேரும் குறிப்புகளை ஒரு மனிதர் ஓராண்டு உட்கார்ந்தாலும் படித்து முடியாது. அவற்றைச் சேர்த்து, தேடி, எண்ணிப் பார்க்க ஒரு பொறி வேண்டும். அப்பொறியும் இணையமின்றி இயங்க வேண்டும். ஆகவேதான் எலாஸ்டிக் நிறுவனம் தன் கையேட்டிலேயே, வலை துண்டித்த இடங்களில் நிறுவும் முறையைத் தனிப் பகுதியாக எழுதி வைத்திருக்கிறது. இரும்புக் கதவுக்குப் பின்னால் இருப்பவருக்காக எழுதிய குறிப்பு, கதவே இல்லாத எங்கள் மலைக்கும் அப்படியே பொருந்துகிறது.

சொல்லடைவு

தொகுப்பின் உயிர்நிலை எலாஸ்டிக்சர்ச். அதன் அடித்தளம் லூசீன் என்னும் நிரல்நூலகம். டக் கட்டிங் என்பவர் 1999-இல் எழுதிய இதற்குத் தம் மனைவியின் நடுப்பெயரையே சூட்டினார். எலாஸ்டிக்சர்ச்சை 2010-இல் வெளியிட்ட ஷாய் பேனனும், சமையற்கலை பயின்ற தம் மனைவிக்குச் சமையற்குறிப்புகளைத் தேடித்தரும் பொறி ஒன்றைச் செய்யப் புகுந்தே இத்துறைக்கு வந்தார். உலகின் பெரிய நிறுவனங்கள் பயன்படுத்தும் ஒரு பொறியின் தோற்றம் அடுப்பங்கரையில் இருப்பது சுவையான செய்தி.

இது வேலை செய்யும் விதம் தமிழ் மாணவர்க்குப் புதிதன்று. நூலின் இறுதியில் சொல்லடைவு கண்டிருக்கிறோம். ஒரு சொல்லும், அதற்கு நேரே அச்சொல் வரும் பக்க எண்களும் இருக்கும். அதே ஏற்பாடுதான் இங்கும். முதற்சீட்டில் "தேன் எடுக்கும் காலம்" என்றும், இரண்டாம் சீட்டில் "சாமை விதைக்கும் காலம்" என்றும், மூன்றாம் சீட்டில் "தேன் மருந்து" என்றும் எழுதியிருப்பதாகக் கொள்வோம். பொறி இவற்றைச் சொல் சொல்லாகப் பிரித்து, தேன் என்பதற்கு நேரே 1, 3 என்றும், காலம் என்பதற்கு நேரே 1, 2 என்றும் குறித்துக்கொள்ளும். பின்னர் "தேன் காலம்" என்று கேட்டால் இருவரிசைகளிலும் உள்ள முதற்சீட்டை முன்னே நிறுத்தும். சீட்டு மூன்றாயினும் முப்பது இலட்சமாயினும் முறை இதுவே. இதில் எந்த இடத்தில் இணையம் வருகிறது? எங்குமே இல்லை.

மற்ற இரண்டும் துணைப்பொறிகள். லாக்ஸ்டாஷ் பல இடத்துக் குறிப்புகளை வாங்கிச் சீர்செய்து உள்ளே அனுப்பும். கிபானா விடைகளைத் திரையில் பட்டியலாகவும் வரைபடமாகவும் காட்டும்.

சந்தைச் சீட்டு

இணையம் உள்ள இடத்தில் நிறுவுதல் ஒரு வரி ஆணையில் முடிந்துவிடும். அந்த ஒரு வரிக்குப் பின்னால் கணிப்பொறி எத்தனை வீடுகளுக்கு ஓடி எத்தனை பொருள்களை இரவல் வாங்கி வருகிறது என்பதை நாம் காண்பதில்லை. கம்பியைப் பிடுங்கினால்தான் அது தெரிகிறது.

ஆய்வகத்தில் ஒதுக்கிவைத்த, 8 ஜிகாபைட் நினைவகமுள்ள பழைய கணிப்பொறி ஒன்றின் வலைக்கம்பியைக் கழற்றிவிட்டு அதற்கு "மலை" என்று பெயரிட்டோம். இணையமுள்ள மற்றொன்று "சந்தை". மலையிலிருந்து சந்தைக்கு வருபவர் கடுக்காயை விற்றுவிட்டு, உப்பு முதல் தீப்பெட்டி வரை எண்ணி வாங்கிச் செல்வார். ஒன்றை விட்டுவிட்டால் அடுத்த சந்தை நாள்வரை அது கிடையாது. எங்கள் வேலையும் அவ்வாறே. எது வேண்டும் என்னும் பட்டியலே இதில் முக்கால் பங்கு.

டெபியன் இயங்குதளத்துக்கு இப்பட்டியலை எழுதித்தர ஆப்ட்-ஆஃப்லைன் என்னும் கருவி உண்டு. இதனைச் செய்தவர் ரிதேஷ் ராஜ் சராஃப் என்னும் இந்தியர். "மலை"யில் அதை இயக்கினால், அக்கணிப்பொறியில் எவை உள்ளன, எவை இல்லை என்று பார்த்து ஒரு சீட்டு எழுதித்தரும். அச்சீட்டைப் பென் டிரைவில் எடுத்துச் சென்று "சந்தை"யில் கொடுத்தால், கேட்டவற்றையெல்லாம் இறக்கி ஒரே மூட்டையாகக் கட்டித்தரும். மூட்டையை "மலை"க்குக் கொண்டுவந்து அவிழ்த்தால் வேலை முடிந்தது. இணையம் அரிதாகக் கிடைக்கும் நாட்டில் வாழ்ந்த ஒருவருக்குத்தான் இப்படி ஒரு கருவி செய்யத் தோன்றும் என்பது என் எண்ணம்.

எலாஸ்டிக்சர்ச், லாக்ஸ்டாஷ், கிபானா ஆகியவற்றைத் தனியே இறக்கினோம். மூன்றும் சேர்ந்து ஒரு ஜிகாபைட்டுக்கு மேல் வரும். மூன்றும் ஒரே பதிப்பு எண் உடையனவாக இருத்தல் நல்லது. துணைச்செருகல்களோ, கடைசி இலக்கம் வரை ஒத்திருந்தாலன்றி உள்ளே ஏறா. ஜாவா இயங்குசூழல் எலாஸ்டிக்சர்ச்சின் பொதியிலேயே சேர்ந்து வருவதால் அந்தக் கவலை இல்லை.

மூட்டை வழியில் சிதைந்ததா என்று அறியவும் வழி உண்டு. ஒவ்வொரு கோப்புடனும் 128 எழுத்துள்ள ஒரு முத்திரை எண் வெளியிடப்படுகிறது. கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் இந்த எண் முற்றிலும் வேறாகிவிடும். இறக்கும்போது ஒரு முறையும், "மலை"யில் ஏற்றியபின் ஒரு முறையும் கணக்கிட்டு ஒப்பிட வேண்டும். பென் டிரைவையும் நம்பிவிடலாகாது. ஈரானின் நாடன்ஸ் அணுக்கூடத்தைத் தாக்கிய ஸ்டக்ஸ்நெட் என்னும் தீநிரல், 2010-இல் வெளிச்சத்துக்கு வந்தது, பென் டிரைவ் வழியே பரவ வல்லது. கம்பியில்லாத கோட்டைக்கும் சட்டைப்பை ஒரு வாசல்.

உரிமம் பற்றி ஒரு சொல். 2021-இல் எலாஸ்டிக் தன் உரிமத்தை இறுக்கியது. அதே ஆண்டில் அமேசான் பழைய நிரலிலிருந்து ஓப்பன்சர்ச் என்னும் கிளையைத் தொடங்கியது. 2024-இல் எலாஸ்டிக் மீண்டும் ஒரு திறந்த உரிமத்தையும் சேர்த்துக்கொண்டது. கல்லூரி அளவில் கட்டணமின்றிப் பயன்படுத்தத் தடையில்லை.

வெளியே எட்டிப்பார்க்கும் பழக்கம்

நிறுவி முடிந்ததும் பொறி அமைதியாக இருக்கும் என்று எண்ணலாகாது. இணையத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளை அது. அடிக்கடி வாசலை எட்டிப்பார்க்கும். வலைமுகவரியைக் கொண்டு ஊரைக் கண்டறியும் தரவுக்கோப்பைப் புதுப்பிக்க எலாஸ்டிக்சர்ச் தானாகவே வெளியே ஓட முயலும். கிபானா தன் பயன்பாட்டு விவரங்களைத் தன் நிறுவனத்துக்கு அனுப்பப் பார்க்கும். நிலப்படம் கேட்டால் நிறுவனத்தின் படச்சர்வரைத் தேடும். கிடைக்காதபோது வெற்றுச் சதுரமே தெரியும். இம்மூன்றையும் அமைப்புக் கோப்பில் நிறுத்திவிடலாம். நிறுத்தாவிடில் பெரிய கேடில்லை, ஆனால் "கிடைக்கவில்லை, கிடைக்கவில்லை" என்று குறிப்பேடு முழுதும் புலம்பி வைக்கும். அந்தப் புலம்பலில் உண்மையான பிழைச் செய்தி மறைந்துபோகும். நிலப்படத்துக்கு மாற்று உண்டு. நாமே வரைந்த எல்லைக்கோட்டுக் கோப்பை ஏற்றலாம். பெரிய கல்வராயன், சின்னக் கல்வராயன் இரண்டையும் எங்கள் வகுப்பு நண்பர்களே கோடிட்டு ஏற்றியிருக்கிறார்கள்.

நினைவகத்தில் பாதியைத் தனக்கென எடுத்துக்கொள்வது எலாஸ்டிக்சர்ச்சின் இயல்பு. சிறிய கணிப்பொறியில் அதற்கு 2 ஜிகாபைட் என்று அளந்து கொடுப்பதே முறை.

இவற்றைக் காட்டிலும் நுட்பமானது கடிகாரம். இணையமுள்ள கணிப்பொறி நேரத்தை வெளியிலிருந்து கேட்டுத் திருத்திக்கொள்ளும். "மலை"க்கு அந்த வசதியில்லை. அன்னைப்பலகையிலுள்ள காசளவு மின்கலமே அதற்குக் கதி. பழைய கணிப்பொறிகளில் அம்மின்கலம் செத்திருப்பது வழக்கம். அப்போது அணைத்து ஏற்றியதும் நாட்காட்டி பல ஆண்டு பின்னுக்குப் போய்விடும். 8-ஆம் பதிப்பு முதல் எலாஸ்டிக்சர்ச் நிறுவும்போதே தனக்குத்தானே பாதுகாப்புச் சான்றிதழ் எழுதிக்கொள்கிறது. நாள் பின்னோக்கிப் போனால் அச்சான்றிதழ் "இன்னும் நடைமுறைக்கு வரவில்லை" என்று தள்ளப்படும். மேலும், கிபானாவின் தேடுபக்கம் தன்னியல்பில் கடைசி 15 நிமிடத்துப் பதிவுகளை மட்டுமே காட்டும். நாள் தவறிய பதிவுகள் உள்ளே பத்திரமாக இருந்தும் திரை வெறுமையாக நிற்கும். பார்ப்பவர் எல்லாம் அழிந்ததென்றே அஞ்சுவர். சில ரூபாய் மின்கலம் ஒன்றைப் பட்டியலின் முதல் வரியில் எழுதுக என்பது என் கருத்து.

தமிழ் என்னும் தனிப்பாடு

இதுவரை சொன்னவை எந்நாட்டாருக்கும் பொது. இனி வருவது நமக்கே உரியது. நாங்கள் அதிக நாள் செலவிட்டதும் இங்கேதான்.

எங்கள் கல்லூரியில் மலையிலிருந்து வந்து பயிலும் மாணவர் சிலர், விடுமுறையில் தம் ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு, பயிர், கிழங்கு, மருந்துச்செடி, மழைக்குறி ஆகியவை பற்றிச் சீட்டுகள் எழுதி வந்தனர். எழுத்தறியாத முதியோரின் நினைவிலன்றி வேறெங்கும் இல்லாத செய்திகள் அவற்றில் பல. அவற்றைத் தட்டச்சு செய்து "மலை"யில் ஏற்றினோம். "மரம்" என்று தேடினோம். மரத்தில், மரத்தை, மரத்துக்கு என்றெழுதிய சீட்டு ஒன்றுகூட வரவில்லை!

பொறியின் மேல் தவறில்லை. அதற்கு எழுத்துக்கூட்டம் ஒன்றானால்தான் சொல் ஒன்று. ஆங்கிலத்தில் சொல்லின் ஈற்றில் ஓரிரு எழுத்தை வெட்டினால் அடிச்சொல் பெரும்பாலும் கிடைத்துவிடும். தமிழில் உருபு ஏறும்போது சொல்லின் உடலே மாறுகிறது. மரம் மரத்தாகும், காடு காட்டாகும். முன்னெழுத்துகளை மட்டும் கொண்டு தேடலாமே எனில், "மர" என்று தேடினால் மரவள்ளியும் வரும், மரபும் வரும், மரணமும் வரும். "காட்" என்றால் காட்சியும் உடன் வரும். மரவள்ளி நம் வட்டாரத்தில் எத்துணை மிகுதி என்பதை அறிந்தவர், அத்தேடலின் பயனை ஊகித்துக்கொள்ளலாம்.

நாங்கள் நிறுவிய 8-ஆம் பதிப்பில், பெயர் சொல்லி அழைக்கத்தக்க ஆயத்த மொழிப் பகுப்பான்களின் பட்டியலில் இந்தி உண்டு, வங்காளம் உண்டு, தமிழ் இல்லை. ஸ்நோபால் என்னும் பொதுத்திரட்டில் தமிழுக்கும் ஓர் அடிச்சொல் காணும் நிரல் இருக்கிறது என்பது ஆறுதல். ஆனால் அதைப் பொருத்துவது எங்கள் கைக்கு எட்டுவதாயில்லை. ஆகவே வேறு வழி சென்றோம். இன்ன வடிவம் வந்தால் இன்ன அடிச்சொல்லாகக் கொள்க என்று வரி வரியாக எழுதிய கோப்பு ஒன்றை எலாஸ்டிக்சர்ச் ஏற்றுக்கொள்ளும். இதற்கு இணையமும் வேண்டா, செருகலும் வேண்டா. வேண்டியது இலக்கணம் மட்டுமே. தமிழ்த்துறைப் பேராசிரியர்களிடம் சென்றோம். நன்னூல் வேற்றுமை உருபுகளை வரிசையாகச் சொல்லி, எவ்வகைப் பெயர் எவ்வாறு திரியும் என்று அவர்கள் எழுதித் தந்தனர். மகர ஈறு அத்துச் சாரியை பெறும், டு, று ஈறு இரட்டிக்கும் என்று தேர்வுக்காக மனப்பாடம் செய்து மறந்த விதிகள் அங்கே உயிரோடு நடமாடின. அவ்விதிகளின்படி எங்கள் சீட்டுகளில் வரும் பெயர்ச்சொற்களுக்கெல்லாம் வடிவங்களை ஒரு சிறு நிரலே எழுதித் தந்தது. பின்னர் "மரம்" என்றதும் மரத்தில் இருந்தவையெல்லாம் இறங்கி வந்தன. வினைச்சொற்களை இன்னும் தொடவில்லை.

ஒருபொருட் பன்மொழிக்கும் இதுபோல் ஒரு கோப்பு உண்டு. கேழ்வரகு, கேப்பை, ராகி, ஆரியம் ஆகிய நான்கையும் ஒரே வரியில் எழுதிவிட்டால், ஒன்றைக் கேட்டவர்க்கு நான்கும் கிடைக்கும். மலையில் ஒரு பெயர், கீழே ஒரு பெயர் என வழங்கும் செடிகளுக்கு இது மிகவும் பயன்படும்.

எழுத்துக் குறியீட்டிலும் சிக்கல் உண்டு. "கொ" என்னும் எழுத்தில் ககரத்துக்குப் பின்வரும் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம். ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றே, பொறிக்கு வேறு வேறு. ஐசியு என்னும் செருகல் இவற்றை ஒன்றாக்கித் தரும். ஆகவே அச்செருகல் சந்தைச் சீட்டில் கட்டாயம் இடம்பெற வேண்டும். ஆனால் ஔவையார் என்பதை ஒகரமும் ளகரமும் சேர்த்து "ஒளவையார்" என்று அடிப்பவர் நம்மிடையே பலர். அதை எந்தச் செருகலும் திருத்தாது. தட்டச்சு செய்பவரே திருந்த வேண்டும்.

ஒருங்குறிக்கு முந்தைய எழுத்துருக்களில் அடித்த பழைய கோப்புகளைப் பொறி ஆங்கில எழுத்துக் குப்பையாகவே காணும். 2010-இல் தமிழக அரசு ஒருங்குறியையும் டேஸ்-16 முறையையும் தரமாக அறிவித்தது. எனினும் பழைய முறைக் கோப்புகள் எங்கும் குவிந்துள்ளன. அவற்றை மாற்றும் கருவியையும் சந்தையிலேயே வாங்கிக்கொள்ள வேண்டும்.

இனி எண்ணுதல் பற்றி. சீட்டுகளை ஊர்வாரியாகவும், பயிர்வாரியாகவும் எண்ணிக் கிபானா கட்டம் வரைந்தது. சாமை பற்றிச் சொன்னவர்களின் வயதையும் ஒரு கட்டமாகக் கேட்டோம். கட்டம் முழுவதும் முதியோர் பக்கமே சாய்ந்து நின்றது. எங்கள் வயதினர் பக்கத்தில் மரவள்ளியும் கூலி வேலையும் இருந்தன. அதைப் பார்த்தபின் மலை மாணவர்கள் இந்த விடுமுறைக்கு மேலும் சீட்டுகளை வாங்கிச் சென்றிருக்கிறார்கள்.

இணையமில்லாத பொறிக்குப் புதுப்பித்தல் கடன் உண்டு. 2021 டிசம்பரில் லாக்4ஜே என்னும் ஜாவா நிரற்பகுதியில் பெரும் ஓட்டை ஒன்று வெளிப்பட்டது. எலாஸ்டிக்சர்ச், லாக்ஸ்டாஷ் இரண்டும் அப்பகுதியைத் தம்முள் கொண்டவை. இணையமுள்ளோர் விரைவில் திருத்தம் பெற்றனர். கம்பியில்லாத இடங்களில் ஒவ்வொரு கணிப்பொறிக்கும் ஆள் நடந்துதான் கொண்டு சேர்க்க வேண்டும். ஆகவே பருவத்துக்கு ஒரு முறையாவது "மலை"யிலிருந்து ஒரு புதிய சீட்டு இறங்கவேண்டும். எது எந்தப் பதிப்பு, எந்நாளில் ஏற்றியது என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் மையால் எழுதி, கணிப்பொறி மேலேயே வைத்திருக்கிறோம்.

பட்டியல், உருபு விதிக் கோப்பு, ஒருபொருட் சொற்கோப்பு ஆகிய மூன்றும் கணிப்பொறித் துறை ஆய்வகத்தில் உள்ளன. நகல் வேண்டுவோர் 16 ஜிகாபைட் பென் டிரைவ் ஒன்றுடன் வரலாம். வந்தவுடன் முதலில் அந்தப் பென் டிரைவ் சோதிக்கப்படும், வருத்தப்பட வேண்டா.